மாவுக்கட்டின் ஓரத்தில் மஞ்சள் கயிறு

தூங்கிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மேலுதட்டில் வேர்வை ஒரு சின்ன மீசை வரைந்திருக்கிறது, ஏழு வயசுக்கு இந்த மீசை அதிகம்தான்டா குகா. வலது கை மட்டும் அவனோடு சேர்ந்து தூங்கவில்லை. இரண்டு தலையணை மேல் ஏற்றி வைத்த மாவுக்கட்டு, உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும், வகுப்பில் விடை தெரிந்த பையன் மாதிரி தூக்கினபடியே நிற்கிறது, டீச்சர் டீச்சர் நான் சொல்றேன் டீச்சர். அது என் தம்பியின் கையே இல்லை, யாரோ வந்து எங்கள் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். முனையில் மட்டும் அஞ்சு விரல் எட்டிப் பார்க்கிறது, பொந்துக்குள்ளிருந்து அணில்குஞ்சு பார்க்கிற மாதிரி. இந்த மத்தியானம் முழுக்க எனக்கு வேலை அந்த அஞ்சு பேரைப் பார்ப்பது. “வெரலப் பாத்துக்கிட்டே இரு மங்கை, செல்லப் பாக்காத, வெரலப் பாரு,” காலையில் அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டே சொன்னது, கடைசி ‘பாரு’ கொஞ்சம் மேலே ஏறி உடையும், அதை அப்படியே என்னால் பண்ண முடியும். யார் சொன்னதும் எனக்கு அவர்கள் குரலோடுதான் உள்ளே கிடக்கும், வெறும் சேதியாகக் கிடக்காது. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன கணக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் இருமலோடு கிடக்கும். போன வாரம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பால்காரர் குரலில் “பாலேய்” என்று ஒரு இழுப்பு இழுத்தேன், தெருவில் ஒவ்வொரு வாசலாகச் சொம்பும் கையுமாக வந்து நின்றார்கள், பக்கத்து வீட்டு ராஜக்கனி பெரியம்மா சோப்பு நுரையோடு வந்தது, அத்தனை பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழித்தார்கள், நானும் குகனும் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்தினோம். அவன் வாயைப் பொத்தினது அந்தக் கையாலா, இந்தக் கையாலா. வலது கையாகத்தான் இருக்கும். எலும்பு நேராக இருந்த கை.

விரலைப் பார். பார்க்கிறேன். நகத்தை அமுக்கு. நேற்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுவிட்ட அண்ணன் மூக்கால் பேசுவார், ஜலதோஷம் பிடித்த நாதஸ்வரம் மாதிரி, “நகத்த அமுக்கு பாப்பா, வெள்ளையாவுதா, இப்ப விடு, செவக்குதா, ஒடனே செவந்தா சரி, செவக்க நேரமாச்சு, வெரல் வீங்குச்சு, ஜில்லுன்னு ஆச்சுன்னா தூக்கிட்டு வந்துரணும், உக்காந்து யோசிக்கக் கூடாது.” இதை நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், அழுதுகொண்டிருந்த குகன் மூக்கில் குமிழ் விட்டுச் சிரித்தான், அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள். நகத்தை அமுக்குகிறேன். வெள்ளை. விடுகிறேன். செவக்கிறது. செவக்கிறதா. என் நகத்தை அமுக்கி விட்டுப் பார்க்கிறேன், இது பட்டென்று செவக்கிறது. அவனுடையது கொஞ்சம் யோசித்துவிட்டுச் செவக்கிற மாதிரி. சின்னப் பையன் நகம், மெல்ல வரும். சின்னப் பையன் எதையும் மெல்லவா செய்கிறான், சைக்கிளை மெல்லவா ஓட்டினான். அரைப்பெடல் போட்டுத் தெருமுனை இறக்கத்தில் விட்டவன், கல் தட்டி, கையை முன்னால் ஊன்றி, அப்போது நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், சத்தம் மட்டும்தான் எனக்கு வந்தது. அந்த அழுகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, வானத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. எத்தனையோ சத்தம் என் தொண்டையில் இருக்கிறது, ரயில் அறிவிப்பு, கோழி முட்டையிடுவது, கல்யாணத்தில் மைக் பிடிக்கிற மாமா, அதை மட்டும் இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கட்டியிருக்கிறோம், வெயில் அதற்குள் புகுந்து வரும்போது வீடு முழுக்கச் சிவப்பாகிவிடும், சுவர், பானை, காலண்டர், எல்லாம் உள்ளிருந்து எரிகிற விளக்கு மாதிரி. கரண்ட் கம்மியாகத்தான் வருகிறது, ஃபேன் ஒவ்வொரு சிறகாக எண்ணிப் பார்த்துக்கொண்டு சுத்துகிறது. கோவில் ஒலிபெருக்கி தூரத்தில் எழுந்து எழுந்து விழுகிறது, காற்று அடித்தால் பாட்டு, அடிக்காவிட்டால் ஒன்றுமில்லை, சித்திரைப் பொங்கல், ஊரெல்லாம் வேப்பிலை. குகன் கையிலும் காப்பு. மாவுக்கட்டின் மேல்விளிம்பில், பஞ்சுக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிறு. அதைப் பார்க்கக் கூடாது என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அது தோலின் மேல் கிடந்தது. இப்போது தோலுக்குள் கிடக்கிறது. இல்லை, சின்னப் பையனுக்குச் சதை, சதை மடிப்பில் அப்படித்தான் தெரியும். டாக்டரம்மா எடுக்கத்தான் சொன்னார்கள், படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “மணிக்கட்டுல ஒடஞ்சு லேசா வெலகியிருக்கு, கூடிரும், கயித்த மட்டும் எடுத்துருங்க,” சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்கள். கட்டுப் போடுகிற அறையில் அம்மா பிடித்துக்கொண்டாள். “அண்ணே, காப்புண்ணே, செவ்வாக்கெழம பால்குடம் எடுக்கணும், அதுவரைக்கும் அறுக்கக் கூடாதுண்ணே.” அவர் மாவு நனைத்த கையைத் தூக்கிக் காட்டினார், அந்த மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. “எனக்குச் சொல்றியா தாயி, நான் அக்கினிச்சட்டி.” அப்புறம் இரண்டு பேரும் சம்பந்தம் பேசுகிறவர்கள் மாதிரி பேசினார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள், வளையலை மெல்ல உருட்டுவது போலக் கயிற்றை உருட்டி உருட்டி மணிக்கட்டிலிருந்து மேலே ஏற்றினார்கள், குகன் வீல் என்றான், முழங்கைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். “கட்டுக்கும் பாதகமில்ல, ஆத்தாளுக்கும் பாதகமில்ல.” மணிக்கட்டு அளவுக்குக் கட்டின கயிறு, அங்கே கை தடிமன், அப்போதே இறுக்கமாகத்தான் இருந்தது, எனக்குத் தெரிந்தது, ஆனால் அம்மா முகத்தில் எவ்வளவு நிம்மதி. அவர் முகத்திலும். அத்தனை பெரிய நல்ல காரியம் முடித்தவர்களிடம் போய் இறுக்கமாக இருக்கிறதே என்று யார் சொல்வது.

அம்மாவுக்கு அது கயிறு இல்லை. போன சித்திரையில் இவனுக்கு அம்மை வார்த்தது, இதே இடத்தில்தான் படுத்திருந்தான், வெள்ளைத் துணி, வேப்பிலை, வீடெல்லாம் கசப்பு வாசம், அடுப்பில் தாளிக்கவில்லை, கதவில் கொத்து செருகியிருந்தது. ஒருநாள் என்னைப் பார்த்து டீச்சர் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது முதலில், டீச்சர் குரலில் பதில்கூடச் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே எழுந்து நிற்கப் பார்த்தான். அம்மா அன்றைக்கு ஈரப்புடவையோடு கோவிலுக்குப் போனாள். எம்பிள்ளைய எடுத்துக்காத, அடுத்த வருசம் அவனே ஒனக்குப் பால்குடம் எடுப்பான். விடிந்ததும் பன்னு வேண்டும் என்றான், பன்னு, நடுவில் செர்ரி வைத்தது. கன்னுக்குட்டியை முளையில் கட்டிப்போடுகிற மாதிரி இந்தப் பக்கத்தில் இவனை அந்தக் கயிறுதான் கட்டிப்போட்டிருக்கிறது, அறுத்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவானோ, அம்மா அப்படிச் சொன்னதில்லை. “காப்பு மட்டும் நடுவுல அந்துருச்சுன்னா,” என்று ஆரம்பிப்பாள், மீதியைச் சொல்ல மாட்டாள், எச்சிலை முழுங்குவாள். அந்த முழுங்கல்கூட எனக்கு வரும். மீதி வார்த்தைதான் வராது.

போன் அடித்துப் பார்த்தேன். அம்மா வேலை பார்க்கிற நோட்டுக் கம்பெனியில் செல்லையெல்லாம் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள், எங்களுக்கு லீவு என்றால் அவர்களுக்குச் சீசன், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நோட்டெல்லாம் கடைக்குப் போகணும், லீவு கேட்டால் சூப்பர்வைசர் “நீ தைக்கலேன்னா பிள்ளைங்க எதுலம்மா எழுதும்” என்பாராம், வாய் நிறைய வெத்தலையோடு. டிராயருக்குள் அம்மாவின் போன் பாடிக்கொண்டிருக்கும், மற்ற போன்களெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அடித்தால் லாரிச் சத்தம்தான் எடுத்துப் பேசியது, “ஆங்… ஆங்… நாக்பூர் தாண்டி… என்னடா தம்பிக்கு…” அப்புறம் ஒன்றுமில்லை. ராஜக்கனி பெரியம்மா வீடு பூட்டியிருக்கிறது, கோவிலில் இருக்கும். இருந்தாலும் என்ன, பெரியம்மா என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா, “அடியே காப்பயா அறுக்கப் போற, கண்ணு அவிஞ்சு போயிரும்டி, எங்க சித்தி மக ஒருத்தி…” டாக்டரம்மா, எடுத்துருங்க. மூக்கண்ணன், பாதகமில்ல தாயி. அம்மா, நடுவுல அந்துருச்சுன்னா. எல்லாரும் வரிசையாக வந்து என் தொண்டையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள், ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர், பஸ்ஸில் சீட்டு பிடிக்கிற மாதிரி துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். சரி, மங்கை என்ன சொல்றா, மங்கையக் கூப்பிடுங்கப்பா என்றால் ஃபேன் சத்தம் கேட்கிறது. ஊரையே பேசுகிறவளுக்கு உள்ளே ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம், மெயின் ரோட்டில் ஆட்டோ கிடைக்கும், ஊர்வலத்துக்கு அடைத்திருப்பார்கள், சுத்தித்தான் போகணும், போனால் அங்கேயும் முதலில் அதைத்தான் அறுப்பார்கள், அறுத்தது ஆஸ்பத்திரி, நான் இல்லை. அவ்வளவு நேரம் இது இப்படியே இறுக்கிக்கொண்டிருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு ஓடினேன் என்றும் ஆகலாம். உக்காந்து யோசிக்கக் கூடாது. உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

“அக்கா.” கண்ணைத் திறக்காமல் கூப்பிடுகிறான். “என்னடா.” “கைக்குள்ள எறும்பு ஓடுது.” “எத்தன எறும்பு?” “ஊரு எறும்பு பூரா.” எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, தெரிந்ததைத்தான் செய்ய முடியும், உடனே ரயில்வே அம்மாவாகிவிட்டேன், மூக்கை லேசாக அடைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக வெட்டி, “பயணிகள்… கனிவான… கவனத்திற்கு… முழங்கையிலிருந்து… மணிக்கட்டு வரை செல்லும்… எறும்பு எக்ஸ்பிரஸ்… இன்னும் சற்று நேரத்தில்…” அவன் உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. “போகாதுன்னு சொல்லுக்கா, ரயில் ரத்துன்னு சொல்லு.” “ரத்து செய்யப்பட்டது… தடங்கலுக்கு… வருந்துகிறோம்.” “வெரல ஆட்டு பாப்போம்.” “எந்த வெரல?” “உன் வெரலத்தான்டா.” “இருக்கா?” என்றான். “என்னது இருக்கா?” “எனக்குத் தெரியல, அங்க இருக்கற மாதிரியே இல்லக்கா.” சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான், தண்ணீருக்குள் கல் போகிற மாதிரி, வலி மாத்திரை அப்படித்தான் இழுக்கும், மாத்திரைதான். விரல் ஆடவில்லை. தூக்கத்தில் ஆட்டியிருக்க மாட்டான். நான் கேட்டதே அவனுக்குக் கேட்டிருக்காது. விரலைத் தொட்டேன், சூடாகத்தான் இருந்தது, என் கை சூடா, இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் சூடுதான், சித்திரையில் ஜில்லென்று இருப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது. அவன் கன்னத்தைத் தொட்டேன். விரலைத் தொட்டேன். கன்னம். விரல். இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை. நகத்தை அமுக்கினேன். விட்டேன். சிவப்பு. ஆனால் இங்கே என் பாவாடை சிவப்பு, சோறு சிவப்பு, மாவுக்கட்டே சிவப்பு, அந்தச் சேலை எல்லாவற்றையும் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, அம்மா மாதிரி, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல தூங்குங்க. எழுந்து போய்ச் சேலையை இழுத்தேன். ஆணியோடு வந்தது.

வெள்ளை வெயில் திபுதிபுவென்று உள்ளே வந்து விழுந்தது. குகன் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான். அஞ்சு விரலும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. குண்டுகுண்டாக, மடிப்பே இல்லாமல், யாரோ உள்ளேயிருந்து ஊதிவிட்ட மாதிரி. எவ்வளவு நேரமாக. நான் சிவப்பில் உட்கார்ந்து எத்தனை பேர் குரலில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தையல் டப்பா, நூல் கத்தரி, தேங்காயெண்ணெய், தலையிலிருந்து ஹேர்பின், இதையெல்லாம் என் கை எடுத்தது, நான் பின்னாலேயே போனேன். கயிற்றைச் சுற்றி எண்ணெயை விட்டேன். பஞ்சை ஒதுக்கினேன், பின்னின் வளைந்த பக்கத்தைக் கயிற்றுக்கடியில் நுழைத்தேன், நுழையவில்லை, சதைதான் வந்தது, தூக்கத்திலேயே முனகினான், இந்தப் பக்கம், இல்லை முடிச்சு இருக்கிற பக்கம், அங்கே கொஞ்சம் இடம் இருக்கும், இருந்தது, மயிரிழை. தூக்கினேன். ராஜக்கனி பெரியம்மா கண்ணு அவிஞ்சு போயிரும்டி என்றது. அவியட்டும் பெரியம்மா, எனக்குத்தானே, எனக்கு வாய் இருக்கிறது பிழைத்துக்கொள்வேன். ஆனால் அப்படி இல்லையே, எனக்கு ஆகாது, இவனுக்குத்தானே ஆகும், போன வருஷம் மாதிரி என்னைப் பார்த்து வேறு யாரையோ கூப்பிடுவான், அப்போது அம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டாள், சும்மா பார்ப்பாள், ஆயுசுக்கும். கத்தரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கை விரலா, அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா. பக்கமெல்லாம் யாருக்குத் தெரியும். விரல் எனக்குத் தெரிகிறது. இதோ இருக்கிறது, கத்தரிப்பூ நிறத்தில். அழுத்தினேன். மஞ்சளில் ஊறி விறைத்த கயிறு, ஒரு தரத்தில் அறவில்லை, இரண்டாம் தரம் ‘டக்’ என்று விட்டது, அவ்வளவுதான் சத்தம், பட்டாணி உடைகிற அளவுக்கு. கயிறு இருந்த இடத்தில் கையைச் சுற்றி ஒரு வாய்க்கால். அடியில் மஞ்சள், கரையெல்லாம் சிவப்பு.

முழித்துக்கொண்டான். என் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “காப்ப அறுத்திட்டியாக்கா?” “ம்.” “ஆத்தா கோவிச்சுக்குவாளா?” “தெரியலடா.” “கேளு.” “யார்ட்ட?” “அவகிட்டதான். நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே. அவள மாதிரிப் பேசு. கோவமான்னு கேட்டுச் சொல்லு.” வேடிக்கைக்குக் கேட்கவில்லை, உதடு நடுங்குகிறது. எனக்கு அவள் குரல் தெரியாது. கோவிலில் சாமி வந்து ஆடுகிறவர்கள் பேசுவது தெரியும், ஆனால் இட்லிக்கடைக்காரம்மாவுக்கு வந்தால் இட்லிக்கடைத் தொண்டையில்தான் வருகிறது, போஸ்ட்மேனுக்கு வந்தால் போஸ்ட்மேன் தொண்டையில், அவளுக்கென்று ஒன்றை நான் கேட்டதே இல்லை, அவள் எப்போதும் யாரிடமாவது இரவல் வாங்கித்தான் பேசுகிறாள். வாயைத் திறந்தேன். எந்தக் குரலை எடுப்பது என்று யோசிக்கவில்லை, வந்தது வரட்டும் என்று விட்டேன். “டேய் குகா. ஒங் கயிறு எனக்கு எதுக்குடா. கைதான்டா வேணும். வெரல ஆட்டிக் காட்டு.” யார் குரலும் இல்லை அது, கொஞ்சம் கரகரப்பு, நடுவில் தண்ணி தவித்தது. குகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலையே முறைத்தான். ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கிகூட நின்றிருந்தது. அப்புறம் சுண்டுவிரல் நுனி, காற்றில் இலை அசைகிற அளவுக்கு. அப்புறம் அதற்குப் பக்கத்து விரல், பயந்து பயந்து. “வலிக்குதுக்கா” என்றான், அழ ஆரம்பித்தான், வலிக்கிறது, வலிக்கிறது, அங்கே இருக்கிறது, இருக்கிறது.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மா. மனசு கேட்காமல் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், தலையில் காகிதத் தூசி, கையில் கழற்றின செருப்பு, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கன்னத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என் கையில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். கட்டிலைத் தாண்டி வந்தாள், அவன் விரலை எடுத்தாள், நகத்தை அமுக்கினாள், விட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்த நகத்தையே பார்த்தோம். மறுபடி அமுக்கினாள், மறுபடி விட்டாள். கையைச் சுற்றி ஓடின வாய்க்காலை ஒரு விரலால் தொட்டபோது அவள் தொண்டையில் எச்சில் இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள், என் காலடியில், என் முகத்தைப் பார்க்கவில்லை. கோவிலில் சாமியாடி முன்னால் நிற்கும்போது பேசுகிற மெல்லிய குரலில் கேட்டாள்.

“வேற என்ன சொன்னா?”

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சிரித்துச் செத்திருப்பேன்.

“பால்குடத்த ஒன்னையத் தூக்கச் சொன்னா,” என்றேன்.

அம்மா இடது கையை என் பக்கமாக நீட்டினாள். கயிற்றைச் சுற்றிப் பார்த்தேன், குழந்தைக் கையளவு, அம்மாவுக்கு எட்டவில்லை. அவள் முந்தானையில் ஒட்டிக்கிடந்த நோட்டுத் தைக்கிற நூலை உருவி எடுத்து முனையில் சேர்த்தாள், வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கயிறு.

“கட்டு,” என்றாள். “கட்டிட்டு அவனுக்குச் சட்டையப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்.”

முதல் முடிச்சைப் போடும்போது அவள் கயிற்றுக்கடியில் ஒரு விரலை நுழைத்துக்கொண்டாள்.

“ரொம்ப இறுக்கிராத புள்ள.”